ஊதுங்க, நிறுத்தாதீங்க

நெஞ்சு நோய்ப் பிரிவில் நுரையீரல் திறன் பரிசோதனை செய்வது என் வேலை. பதினாறு வருடமாகிறது. சின்ன அறை, ஒரு கணினி, அதோடு இணைத்த ஸ்பைரோமீட்டர், அதாவது ஊதும் காற்றின் அளவையும் வேகத்தையும் அளக்கும் கருவி. வருகிறவரின் மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் அட்டைக் குழலைக் கொடுத்து, மூச்சை நிறைய இழுத்து ஒரே வீச்சில் ஊதச் சொல்வேன். "ஊதுங்க, ஊதுங்க, நிறுத்தாதீங்க" என்று கத்திக் கத்தி, சாயங்காலம் தொண்டை கட்டிவிடும்.

சேர்ந்த புதிதில் ஒரு அம்மா வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும், கிராமத்து ஆள். மூன்று தடவை ஊதவைத்தேன். மூன்று தடவையும் பாதியிலேயே இருமி, குழலை எடுத்துவிட்டார். வெளியே வரிசை நின்றுகொண்டிருந்தது. 'ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் எங்கள் பிரிவின் மூத்த பிசியோதெரபிஸ்ட் அக்கா என்னை வெளியே கூப்பிட்டார். "அவங்க எப்படி உட்கார்ந்திருக்காங்கன்னு பாரு" என்றார். பெஞ்சின் விளிம்பில், முன்னால் சாய்ந்து, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றியிருந்தார் அந்த அம்மா. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்து நரம்பு புடைத்தது, காறை எலும்புக்கு மேலே குழி விழுந்தது. இப்படிக் கையை அசையாமல் ஊன்றிக்கொண்டால், தோளோடு சேர்ந்த தசைகளும் விலா எலும்பைத் தூக்க உதவிக்கு வரும். யாரும் சொல்லித்தராமலே உடம்பு அதைக் கண்டுபிடித்துக்கொள்கிறது. அறைக்குள் நான் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஆளைப் பார்க்கவில்லை.

அக்கா அவரை அரை மணி நேரம் ஓய்வெடுக்கவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக்கொடுத்தார். "வீட்டுல என்ன அடுப்புங்கம்மா?" "விறகடுப்புதான் தாயி, கல்யாணம் ஆன நாள்லேருந்து." "அப்போ ஊதாங்குழல் புடிச்ச கைதானே? அடுப்பு அணையப் போகுது, விடாம ஊதணும். அதேமாதிரி ஊதுங்க."

ஊதினார். வழக்கமாக நல்ல நுரையீரல் உள்ளவர் முதல் ஒரு விநாடியிலேயே முக்கால் பங்குக் காற்றை வெளியே தள்ளிவிடுவார். திரையில் கோடு செங்குத்தாக ஏறிச் சமமாகிவிடும். இவருக்குக் கோடு மெல்ல மெல்ல ஏறியது. ஆறு விநாடி, எட்டு, பத்து. பன்னிரண்டாவது விநாடியிலும் சமமாகவில்லை. "இவங்களா ஒத்துழைக்கலை?" என்று அக்கா கேட்டார். நான் எழுதியதை அடித்துவிட்டு வேறு தாளில் எழுதினேன். இன்றைக்கு நினைத்தாலும் மனசு சங்கடப்படுகிறது.

"மூச்சு இழுக்க முடியலை" என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். ஆனால் அந்த அம்மாவுக்கு இருந்தது போன்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் (சிஓபிடி) சிக்கல் இழுப்பதில் தொடங்குவதில்லை, விடுவதில்தான். உதரவிதானம் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குடைபோலக் கவிழ்ந்திருக்கும் தசை. அது சுருங்கிக் கீழே இறங்கினால் நெஞ்சுக்கூடு விரிந்து காற்று உள்ளே வரும். சும்மா இருக்கும்போது வெளியே விடுவதற்குத் தசை எதுவும் வேலை செய்ய வேண்டியதில்லை. இழுத்த ரப்பர் திரும்புகிற மாதிரி நுரையீரல் தானே சுருங்கிக்கொள்ளும்.

பெரிய மூச்சுக்குழாயைக் குருத்தெலும்பு தாங்குகிறது. கிளை பிரிந்து பிரிந்து உள்ளே போகப் போக அந்தக் குருத்தெலும்பு இல்லாமல் போகிறது. நுண்குழல்களைத் திறந்து வைத்திருப்பது, சுற்றிலும் இருக்கும் காற்று நுண்ணறைகளின் இழுவைதான். வருடக்கணக்கில் புகை அந்த நுண்ணறைச் சுவர்களை அரித்துவிட்டால், மூச்சு விடும்போது குழல்கள் மூடிக்கொள்ளும், காற்று உள்ளேயே மாட்டிக்கொள்ளும். வேகமாகத் தள்ளத் தள்ள இன்னும் சீக்கிரம் மூடும். நெஞ்சு பீப்பாய் மாதிரி உப்பி, குடை தட்டையாகிவிடும். ஏற்கெனவே நிறைந்த குடத்தில் இன்னும் எவ்வளவு ஊற்ற முடியும்?

அதனால்தான் பரிசோதனையில் வேகமாக ஊதச் சொல்லும் நானே, முடிந்து வெளியே போகும்போது மெதுவாக ஊதச் சொல்லித்தருகிறேன். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, இழுத்ததைப்போல இரண்டு மடங்கு நேரம் விட வேண்டும். குவிந்த உதடு உள்ளே கொஞ்சம் அழுத்தத்தைத் தக்கவைக்கிறது, குழல்கள் சட்டென்று மூடுவதில்லை. 'உதரவிதானம்' என்று சொன்னால் யாருக்கும் ஏறாது. 'ஊதாங்குழல்' என்றால் கிராமத்துப் பெண்கள் உடனே உதட்டைக் குவித்துக் காட்டுவார்கள். அந்தக் குழலுக்காகத்தான் தினமும் புகைக்குள் குனிந்தார்கள், ஊதி முடித்த ஒவ்வொரு தடவையும் அந்தப் புகையையே இழுத்தார்கள் என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் உறைக்கிறது.

1846-இல் லண்டனில் ஜான் ஹட்சின்சன் என்ற மருத்துவர் ஸ்பைரோமீட்டரை அறிமுகப்படுத்தியபோது, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஊதவைத்து அளந்திருந்தார். உயரத்துக்கு ஏற்ப நுரையீரலின் கொள்ளளவு மாறுவதை அவர் அப்போதே கவனித்தார். இன்றும் உயரத்தை அளக்காமல் நான் ஆரம்பிப்பதில்லை.

அந்த அம்மா மூன்று மாதம் கழித்து வந்தார். படியேறும்போதே உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டு வந்தார். "தம்பி, ரெண்டு படிக்கு ஒருக்கா ஊதுறேன், நிக்காம வந்துட்டேன்." வீட்டில் இப்போது எதில் சமையல் என்று கேட்டேன். சிலிண்டர் வாங்கியாச்சு, வெந்நீர் போட மட்டும் விறகு என்றார். அந்த வெந்நீரைப் பற்றி அன்றைக்கு வெகுநேரம் பேசினோம்.

எங்கள் படிவத்தில் 'புகைப்பழக்கம்: உண்டு / இல்லை' என்று ஒரே வரிதான். பெண்கள் எல்லோரும் 'இல்லை' என்பார்கள், அது உண்மையும்கூட. நான் பக்கத்தில் பேனாவால் எழுதிவைக்கிறேன்: விறகடுப்பு, நாற்பது வருடம்.