எர்த் குழிக்கு ஒரு குடம் தண்ணீர்

சயின்ஸ் லேபுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் ஒரு குழி இருந்தது. 1967லிருந்து 1972 வரை வேலூரில் நம் பள்ளியில் படித்தவர்களுக்கு அது ஞாபகம் இருக்கும். சுற்றிலும் நாலைந்து செங்கல், நடுவில் ஒரு தடித்த செம்புக் கம்பி. பங்குனி பிறந்துவிட்டால் தினமும் காலையில் பிரேயருக்கு முன்னால் அந்தக் குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதற்கு முறைப் பட்டியல் போட்டு லேப் கதவில் ஒட்டியிருந்தார் எங்கள் பௌதிக சார். குடிக்கிற தண்ணீருக்கே கிணற்றடியில் வரிசை நின்ற காலம் அது. பாலாற்றில் மணல்தான் ஓடும். அந்த நாளிலும் குழிக்கு ஒரு குடம் போனது.

அது ரேடியோவை மண்ணோடு இணைக்கிற எர்த் குழி. உப்பும் அடுப்புக்கரியும் மாற்றி மாற்றிக் கொட்டி, செம்புத் தகட்டை அடியில் வைத்து மூடியிருந்தோம். மண் காய்ந்துவிட்டால் மின்சாரம் பூமிக்குள் இறங்காது, அலையைப் பிடிக்கிற ஏரியல் எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் பாதி வேலைதான் நடக்கும் என்பார் சார். வேலூர் மண் காய்வதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஏரியலையும் நாங்கள்தான் கட்டினோம். மாடிக் கைப்பிடிச் சுவரில் ஓர் இரும்பு வளையத்தை சிமெண்ட் போட்டுப் பதித்து, அதில் மூங்கிலை நிறுத்தி, எதிரே ஹாஸ்டல் மாடி வரைக்கும் ஏழு பிரி செம்புக் கம்பியை இழுத்தோம். இரண்டு முனையிலும் கோழிமுட்டை அளவுக்குப் பீங்கான் இன்சுலேட்டர். சார் விடுமுறையில் மெட்ராஸ் போகும்போது மூர் மார்க்கெட்டில் தேடி வாங்கி வந்தவை அவை. கம்பியின் மறுமுனை லேப் ஜன்னல் வழியாக இறங்கி, ஒரு மரப்பலகையில் நாங்கள் செய்த கிரிஸ்டல் செட் என்கிற எளிய ரேடியோவுக்குப் போகும். எனாமல் கம்பி சுற்றிய காயில், பழைய ரேடியோவில் கழற்றிய கேங் கண்டென்சர், ஓஏ79 என்கிற ஜெர்மானியம் டயோடு, ஒரு ஹெட்போன். அவ்வளவுதான். பேட்டரி கிடையாது, பிளக் கிடையாது.

முதல் நாள் அந்த ஹெட்போனைக் காதில் வைத்தபோது வெகு தூரத்தில் யாரோ நாதஸ்வரம் வாசித்தார்கள். கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிற மாதிரி அத்தனை மெல்லிசாக இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"டேய், இந்தச் சத்தத்துக்குக் கரண்ட் யார் குடுக்கிறான்னு தெரியுமா?" என்று கேட்டார் சார்.

"தெரியல சார்."

"மெட்ராஸ்ல நிக்கிற டவர் குடுக்குது. அங்கிருந்து கிளம்பின கரண்டுதான் உன் காதுல கேக்குது."

நூற்று முப்பது கிலோமீட்டர் தாண்டி, ராணிப்பேட்டை, வாலாஜா, காவேரிப்பாக்கம் வயல்களையெல்லாம் கடந்து வந்த துளி மின்சாரம் என் காதில் இருக்கிற தகட்டை அசைக்கிறது. அதை அவர் சொன்ன நொடியிலிருந்து, நாதஸ்வரம் வாசித்தவரை விட அந்த இசையை அனுப்பி வைத்த அந்த இரும்புக் கோபுரத்தின் மேல் எனக்கு ஆசை வந்துவிட்டது. என் வாழ்க்கை அங்கே திரும்பியது.

சாருக்கு இந்தப் பைத்தியம் சிறு வயதிலேயே பிடித்திருந்தது. அவர் பையனாக மெட்ராஸில் வளர்ந்தவர். 1924இல் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டரை வைத்து ஒலிபரப்பு ஆரம்பித்தது. முதலில் 40 வாட், பிறகு 200 வாட். இன்று ஒரு வீட்டு மிக்சி எடுக்கிற மின்சாரம் கூட இல்லை. பணமில்லாமல் 1927இல் கிளப் நின்றுபோனது. அந்தக் கருவியைப் பெற்றுக்கொண்ட மெட்ராஸ் மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் தானே ஒலிபரப்பியது. வீட்டில் ரேடியோ வாங்க வசதியில்லாதவர்களுக்காகப் பூங்காக்களிலும் கடற்கரையிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். அப்பா தோளில் உட்கார்ந்து கடற்கரையில் கச்சேரி கேட்டதை சார் எத்தனை முறை சொன்னாலும் எங்களுக்குப் புதுசாக இருக்கும். 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலி மெட்ராஸ் நிலையத்தைத் திறந்தது, அடுத்த ஆண்டு மே மாதம் திருச்சி நிலையம் வந்தது. ஒரு நகராட்சி தன் மக்கள் பாட்டு கேட்கட்டும் என்று எட்டு ஆண்டு ரேடியோ நடத்தியிருக்கிறது! அதை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது.

மெட்ராஸ் நிலையத்தின் மத்திய அலை (மீடியம் வேவ்) கோபுரத்தைப் பற்றி சார் கரும்பலகையில் போட்ட படம் அப்படியே என் கண்ணில் நிற்கிறது. கோபுரத்தின் உச்சியில் ஏரியல் இருக்கிறது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அவர் தலையாட்டினார். அந்தக் கோபுரமேதான் ஏரியல். அடியிலிருந்து நுனி வரை முழு இரும்பிலும் மின்சாரம் ஓடும். அதனால் அதைத் தரையில் நட முடியாது, அடியில் ஒரு பெரிய பீங்கானை வைத்து அதன் மேல் நிறுத்துவார்கள். விழாமல் பிடித்துக்கொள்கிற கம்பிகளையும் துண்டு துண்டாக வெட்டி இடையிடையே பீங்கான் போடுவார்கள். மின்சாரம் ஓடுகிற கோபுரத்தில் ஏறுகிறவர் தரையிலிருந்து ஒரே தாவாகத் தாவித்தான் ஏற வேண்டும். ஒரு கால் தரையிலும் ஒரு கை இரும்பிலும் இருந்தால் உயிர் போய்விடும்.

உயரத்துக்கும் கணக்கு உண்டு. 720 கிலோஹெர்ட்ஸ் என்று பின்னாளில் சென்னை நிலையத்தின் எண்ணைக் கேட்டபோதெல்லாம் கை தானாகக் கணக்குப் போடும். அலைநீளம் 416.7 மீட்டர், அதில் கால் பங்கு 104 மீட்டர். அந்த உயரத்துக்கு நிறுத்தினால் கோபுரம் நன்றாகப் பாடும். கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பாதி மண்ணுக்குள் இருக்கிறது. கோபுரத்தடியிலிருந்து நாலா பக்கமும் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி நூற்றுக்கும் மேற்பட்ட செம்புக் கம்பிகளைப் புதைப்பார்கள். நம் வேப்பமரத்துக் குழியின் பெரியண்ணன் அது. இதைச் சொல்லிவிட்டு சார் முறைப் பட்டியலைக் காட்டி, "இன்னைக்கு யாரு முறை?" என்று கேட்டார். அதற்கப்புறம் எவனும் ஒரு நாள் கூடத் தவறவில்லை.

தவறியது ஒரே ஒரு விஷயத்தில், அதுவும் நான்தான். மழைக்காலத்தில் சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது ஏரியலை செட்டிலிருந்து பிரித்து நேராக எர்த்தோடு சேர்க்கும்படி ஒரு கத்தி சுவிட்ச் வைத்திருந்தார். ஓர் ஐப்பசி மாலை அதைப் போடாமல் போய்விட்டேன். ராத்திரி இடி. காலையில் டயோடு கருகி, காயில் உருகி, பலகையில் கரி படிந்திருந்தது. சார் என்னைத் திட்டவில்லை. பலகையைக் கையில் கொடுத்து, "மறுபடி சுத்து" என்றார். அந்தக் காயிலை எண்ணி எண்ணிச் சுற்றிய மூன்று சாயங்காலங்களில் கற்றது கல்லூரியில் கற்றதற்குக் குறைவில்லை.

ஆனால் நம் ஊர்த் தெருக்களில் ஒலித்தது மெட்ராஸ் குறைவு, இலங்கை அதிகம். இதை மறைக்க முடியாது. 1952இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டைக் குறைத்துவிட்டார். 1957இல் சினிமாப் பாட்டுக்காக விவித பாரதி வருவதற்குள் ஜனங்களின் காது கொழும்புப் பக்கம் போய்விட்டது. லாங்கு பஜார் டீக்கடையிலிருந்து சத்துவாச்சாரி வரை நடந்தால் ஒரே பாட்டை விடாமல் கேட்டுக்கொண்டே போகலாம். இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீத் குரல்கள் எங்கள் வீட்டு மனிதர்களின் குரல்களாகிவிட்டன. அம்மா அரிசி களைந்துகொண்டே, "இன்னாடா, இன்னிக்கு அந்த ராஜாவக் காணோம்?" என்பாள்.

எழுநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தூரத்திலிருந்து அந்தக் குரல் எப்படி இவ்வளவு தெளிவாக வந்தது? கொழும்புக்கு வடக்கே எக்கல என்ற ஊரில் 100 கிலோவாட் சிற்றலை (ஷார்ட் வேவ்) டிரான்ஸ்மிட்டர் இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்கு ஆசியாவில் இருந்த நேச நாட்டுப் படைவீரர்களுக்குப் பாட்டும் செய்தியும் போட பிரிட்டிஷ்காரர்கள் அமைத்த நிலையம். போர் முடிந்து 1949இல் அது இலங்கையின் கைக்கு வந்தது. சிற்றலை தரையோடு ஊர்ந்து வராது. மேலே கிளம்பி, வானத்து உயரத்தில் மின்னேறிய காற்று அடுக்கான அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, நம் தலையில் இறங்கும். அந்த மண்டலம் அசையும்போது குரல் பெருகும், தேயும். பகலில் 25 மீட்டர் அலைவரிசை, பொழுது சாய்ந்தால் 41 மீட்டர் என்று முள்ளைத் திருப்புவது எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டிக்கும் தெரிந்திருந்தது. சிப்பாய்களுக்காக நட்ட கம்பங்கள், போர் ஓய்ந்த பிறகு நம் பாட்டிகளுக்குப் பாட்டு அனுப்பின.

வீட்டில் வால்வ் ரேடியோ. சுவிட்ச் போட்டால் சூடேற அரை நிமிஷம் ஆகும். கூடத்து உத்தரத்துக்குக் கீழே செம்புப் பட்டையில் பின்னிய வலை ஏரியல். ஆண்டுக்கு 15 ரூபாய் லைசென்ஸ் கட்டி, தபாலாபீசில் புத்தகத்தில் முத்திரை வாங்கி வருவது என் வேலை. ஆரணிப் பக்கம் தாத்தா ஊரில் இரண்டு தென்னைக்கு நடுவே கம்பி கட்டிய பஞ்சாயத்து ரேடியோ. ஆறு மணிக்கு அதைத் திருப்பிவிட்டால் ஊரே திண்ணைக்கு வந்துவிடும்.

நானும் என் பெஞ்சுத் தோழனும் ஒரு முறை டிரான்சிஸ்டரைத் தூக்கிக்கொண்டு சஜ்ஜரா மலைக் கோட்டைக்கு ஏறினோம். உயரம் போனால் மெட்ராஸ் நன்றாகக் கேட்கும் என்று நம்பினோம். மரமில்லாத பாறையில் கால் வெந்ததுதான் மிச்சம், கீழே கேட்டதுபோலவேதான் கேட்டது. மறுநாள் சார் விளக்கினார். மத்திய அலை பகலில் மண்ணைத் தொட்டுக்கொண்டு வரும், மலை ஏறினாலும் இறங்கினாலும் அதற்குப் பெரிய வித்தியாசம் இல்லை. 1975 ஆகஸ்ட் 15இல் மெட்ராஸில் டெலிவிஷன் வந்த பிறகுதான் உயரத்தின் அருமை தெரிந்தது. அந்த அலை நேர்க்கோட்டில் போகும், பூமி வளைந்துவிட்டால் மேலேயே போய்விடும். அதைப் பிடிக்க வேலூர் மாடிகளில் ஜிஐ பைப்பின் மேல் பைப்பைச் சொருகி ஆன்டெனா நிறுத்தி, பூஸ்டர் வைத்து, "இப்ப தெரியுதா?" "இன்னும் கொஞ்சம் திருப்பு!" என்று மாடிக்கும் கூடத்துக்கும் கத்திக்கொண்டிருந்த வெள்ளிக்கிழமைகளை யாராவது தனியாக எழுத வேண்டும்.

1984இல் இங்கிலாந்துக்கு வந்தேன். முதல் மாதம், ராத்திரி நேரம், எம் 1 நெடுஞ்சாலையில் காரில் போகும்போது ரக்பி ஊர்ப்பக்கம் வானத்தில் சிவப்பு விளக்குகள் வரிசையாக நின்றன. காரை ஓட்டிய நண்பரிடம் கேட்டால், "ஏதோ ரேடியோ" என்றார். அடுத்த சனிக்கிழமை பஸ் பிடித்துப் போய் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். ஒவ்வொன்றும் 250 மீட்டர் உயரம். 1926இல் அங்கே தொடங்கிய நிலையம் 16 கிலோஹெர்ட்ஸில் உலகம் முழுக்கத் தந்தி அனுப்பியது. அலைநீளம் கிட்டத்தட்ட 19 கிலோமீட்டர், வேலூரில் கிளம்பினால் ராணிப்பேட்டையை நெருங்கிவிடலாம். அதற்குக் கால் பங்கு உயரத்தில் யாரும் கோபுரம் கட்ட முடியாது. அதனால் பன்னிரண்டு கோபுரங்களை நட்டு அவற்றின் மேல் கம்பிப் பந்தல் போட்டிருந்தார்கள். 1927 ஜனவரியில் அட்லாண்டிக் கடலைத் தாண்டி முதல் டெலிபோன் சேவை அங்கிருந்துதான் தொடங்கியது. மழையில் நனைந்துகொண்டு நிமிர்ந்து பார்த்தபோது சாரை நினைத்தேன். அன்று ராத்திரியே அவருக்கு ஏர் மெயில் எழுதினேன், கோபுரத்தின் படத்தை கையால் வரைந்து.

2004 ஜூனில் ஓர் இரவு அவற்றில் எட்டை வீழ்த்தினார்கள். மீதி நான்கு 2007 ஆகஸ்டில் போயின. வேலைக்குப் போகும் வழியில் வெறும் வானத்தைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சை அடைத்தது. 2017 ஏப்ரல் 30இல், 1941இலிருந்து வந்துகொண்டிருந்த பிபிசி தமிழோசை சிற்றலையில் நின்றது. கடைசி நாள் ஒலிபரப்பை என் பழைய செட்டில், ஜன்னலுக்கு வெளியே ஒரு கம்பியைத் தொங்கவிட்டுக் கேட்டேன். கம்பியை இரண்டு நாள் கழித்துத்தான் அவிழ்த்தேன்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. ரக்பியில் டிரான்ஸ்மிட்டர் இருந்த பழைய செங்கல் கட்டடத்தை இடிக்காமல் செப்பனிட்டு, 2021இல் பள்ளிக்கூடமாகத் திறந்துவிட்டார்கள். ராட்சத வால்வுகள் நின்ற இடத்தில் இன்று பிள்ளைகள் படிக்கிறார்கள். நம் பள்ளியில் புதுக் கட்டடம் கட்ட பழைய மாணவர் சங்கம் பணம் சேர்ப்பது தெரிந்ததும் இதைத்தான் முதலில் செயலாளரிடம் சொன்னேன். லேப் மாடியின் கைப்பிடிச் சுவரை மட்டும் விட்டுவைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறேன். உங்களில் யாரிடமாவது அந்த ஏரியலோடு எடுத்த வகுப்புப் படம் இருந்தால் அனுப்புங்கள். என்னிடம் ஒன்று கூட இல்லை.

போன பங்குனியில் வேலூர் போயிருந்தேன். பள்ளி வாட்ச்மேன் தம்பி மாடிக்கு அழைத்துப் போனார். இரும்பு வளையம் துருப்பிடித்து அப்படியே இருக்கிறது, விரல் நுழைத்துப் பார்த்தேன். கீழே வேப்பமரம் பெரிதாகி செங்கற்களை வேர் தள்ளிவிட்டிருந்தது. செம்புக் கம்பி பச்சை பூத்து, ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கையில் இருந்த பாட்டில் தண்ணீர் முழுவதையும் அதன் அடியில் ஊற்றினேன்.

"இன்னா சார், அங்க செடி எதுவும் இல்லியே?" என்றார் வாட்ச்மேன்.

"எர்த்துக்குத் தம்பி," என்றேன். "இன்னிக்கு என் முறை."