அவின்யோனில் காரை ஒப்படைத்தல்: ஒரு நாட்குறிப்பு

ஜூன் 10, 2025, செவ்வாய். சான் ரெமி

வாடகைக் காரை ஒப்படைக்க இன்னும் நான்கு நாள். ஒப்பந்தத் தாளை எடுத்து மூன்று விஷயம் மட்டும் பார்த்தாயிற்று: எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, டாங்கில் எவ்வளவு எரிபொருளோடு.

இடத்தில்தான் பலர் மாட்டுகிறார்கள். தென் பிரான்சின் அவின்யோனுக்கு இரண்டு ரயில் நிலையம். மதிலை ஒட்டி நிற்பது பழைய ‘சாந்த்ர்’. ஊருக்குத் தெற்கே தள்ளி, 2001இல் அதிவேக ரயில்பாதையோடு வந்தது ‘டேஜேவே’ (TGV). பிரெஞ்சில் ரயில் நிலையத்துக்கே ‘கார்’ என்றுதான் பெயர். அதனால் ஜிபிஎஸ்ஸில் வெறுமனே ‘கார் அவின்யோன்’ என்று போட்டால் எந்தக் கார் என்ற குழப்பம் இலவசம். ஒப்பந்தத்தில் உள்ள முழு முகவரியைப் போடுவதே சரி.

இதைவிடப் பெரிய பொறி ஜெனீவா விமான நிலையம். பிரான்ஸ் பகுதி, சுவிஸ் பகுதி என்று ஒரே கட்டடத்துக்கு இரண்டு பக்கம். பிரான்ஸ் பகுதியில் எடுத்த காரை அங்கேயே விடவேண்டும். அதற்கு ஃபெர்னே-வோல்தேர் பக்கமிருந்து தனிச் சாலை உண்டு. அதை விட்டுவிட்டு சுவிஸ் நெடுஞ்சாலையில் ஏறினால் முதலில் 40 ஃபிராங்க் சாலைக் கட்டண வில்லை வாங்கவேண்டும். தப்பான பக்கம் நிறுத்தினால் வேறு ஊரில் விட்டதற்கான கட்டணமும் சேரும். பாசல்-முல்ஹவுஸ் விமான நிலையத்திலும் இதே இரண்டு பக்கக் கதைதான்.

நேரம்: வாடகை நாள் என்பது 24 மணி நேரக் கணக்கு. காலை 10:30க்கு எடுத்த கார் 10:30க்குள் வரவேண்டும். அரைமணி வாக்கில் சலுகை தருவார்கள்; தாண்டினால் இன்னொரு முழு நாள் வாடகை. சிறிய ஊர்க் கிளைகள் பகல் 12 முதல் 2 வரை மூடும். ஞாயிறு பெரும்பாலும் பூட்டுதான். அதனால்தான் சனிக்கிழமை காலை.

ஜூன் 12, வியாழன். ஆர்ல் பக்கம்

சுங்கச்சாவடி. ஆரஞ்சு நிறத்தில் ‘டி’ மட்டும் எரியும் பாதை, சுங்கத்தைத் தானே கழிக்கும் மின்னணுப் பட்டை ஒட்டிய வண்டிகளுக்கு. கார்டு படமோ பச்சை அம்புக்குறியோ உள்ள பாதையில் போகவும். ரசீதுப் பொத்தானை அழுத்தி வாங்கி வைப்பது நல்லது.

இந்தப் பக்கம் சாவடிகளில் தடுப்புக் கம்பம் இருப்பதால் கணக்கு அங்கேயே முடிந்துவிடும். பாரிஸிலிருந்து நார்மண்டி போகும் ஏ13, ஏ14இல் அப்படியில்லை. கம்பமே கிடையாது; கேமரா நம்பர் பிளேட்டைப் படமெடுக்கும், 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் கட்டவேண்டும். கட்டாவிட்டால் நோட்டீஸ் வாடகை நிறுவனத்துக்குப் போகும். அபராதத்தோடு அவர்கள் கையாளும் கட்டணமும் கார்டில் ஏறும். அந்த வழியில் போனவர்கள் காரை ஒப்படைக்கும் முன்பே நம்பரைப் போட்டுப் பார்த்துக் கட்டிவிடலாம்.

ஜூன் 13, வெள்ளி. சான் ரெமி

இன்று கழுவல். பிளாட்டான் மரத்தடியில் மூன்று நாள் நின்ற கார். பறவை எச்சமும் தூசியும் கூரை முழுக்க. அழுக்குக் காரில் கீறல் தெரியாது. அதைச் சொல்லியே சோதனையைப் பிறகு வைத்துக்கொள்வார்கள், அந்தப் ‘பிறகு’ நடக்கும்போது நாம் ரயிலில் இருப்போம். சுயமாகக் கழுவும் கூடத்தில் டோக்கன் இரண்டு போதும்: ஒன்று நுரைக்கு, ஒன்று நீருக்கு. உள்ளே கடற்கரை மணல்தான் வில்லன். மணலும் நாய் முடியும் இருந்தால் தனியாகச் சுத்தக் கட்டணம் போடுவார்கள்.

கழுவிக் காய்ந்ததும் படம். நான்கு மூலை, நான்கு ரிம், முன் கண்ணாடி, கூரை, பம்பரின் கீழ்விளிம்பு, பிறகு உள்ளே. ரிம்மைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். நடைபாதைக் கல்லில் உரசிய வெள்ளைக் கோடு முதலில் தேடப்படுவது அங்கேதான். ஒவ்வொன்றையும் எடுத்த நாளின் படத்தோடு ஒப்பிட்டால், இன்றைய புதுக் கீறல் எது, பழசு எது என்று வாதம் இல்லாமல் சொல்லலாம். எடுத்த நாளில் படமே எடுக்காதவருக்கு இன்றைய படம் பாதிதான் உதவும்.

மிஸ்ட்ரால் காற்று வீசுகிறது. ரோன் பள்ளத்தாக்கின் இந்தக் காற்று லேசுப்பட்டதில்லை: கதவை ஒரு விரலால் திறந்தால் கையிலிருந்து பறித்து, கீலை வளைத்து, பக்கத்துக் காரில் அடிக்கும். காரின் முகம் காற்றை எதிர்க்குமாறு நிறுத்தி, கதவை இரண்டு கையால் பிடிக்கவும்.

ஒளிரும் மஞ்சள் அங்கி காருக்குள் கைக்கெட்டும் இடத்திலும், எச்சரிக்கை முக்கோணம் டிக்கியிலும் இருக்கவேண்டும். சட்டப்படி காரோடு வந்தவை. டிக்கிச் சாமானை மறைக்கும் உள்தட்டைச் சாமான் ஏற்றும்போது கழற்றி விடுதி அறையில் வைத்துவிட்டு மறப்பவர்கள் உண்டு. காரின் ப்ளூடூத்திலிருந்து கைபேசியை நீக்கி, ஜிபிஎஸ்ஸில் பதிந்த முகவரிகளையும் அழித்தாயிற்று.

ஜூன் 14, சனி. அவின்யோன் டேஜேவே

எரிபொருள் கடைசி 10 கிலோமீட்டருக்குள். நெடுஞ்சாலை பங்கில் விலை அதிகம். ஊர் விளிம்பில் சூப்பர்மார்க்கெட் பங்கில் குறைவு. எரிபொருள் மூடியின் உட்புறம் ஸ்டிக்கரைப் பார்க்கவும்: வட்டத்துக்குள் இ5, இ10 என்றால் பெட்ரோல், சதுரத்துக்குள் பி7 என்றால் டீசல். பம்பில் டீசலுக்கு ‘கஸோல்’ என்று எழுதியிருக்கும், இதை ‘கேஸொலின்’ என்று படித்துப் பெட்ரோல் காரில் ஊற்றிவிடுவது சுற்றுலாக்காரர்களின் பழைய தவறு. ஊற்றிவிட்டால் சாவியைத் திருப்பாதே, உதவி எண்ணை அழை.

ஆள் இல்லாத பம்பில் கார்டைச் செருகி, எண்ணைத் தட்டி, எடுத்த பிறகே குழாய் உயிர்பெறும். நூறு யூரோவுக்கு மேலும் ஒரு தொகையைத் தற்காலிகமாக நிறுத்திவைத்து, பிறகு ஊற்றிய அளவுக்கு மட்டும் எடுப்பார்கள். கையில் பணம் குறைந்த டெபிட் கார்டு இங்கேதான் மறுக்கப்படும். இந்திய கார்டு என்றால் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா என்று வங்கிச் செயலியில் முதல்நாளே பார்க்கவும்.

முதல் ‘டக்’ சத்தத்தோடு நிறுத்தலாம். முள் முழுசுக்கு வந்துவிடும், அடுத்த பத்து கிலோமீட்டரில் இறங்காது. ரசீதில் பங்கின் பெயரும் நேரமும் இருக்கும், அது பர்ஸுக்குள். குறைவாக விட்டால், விட்டுப்போன லிட்டருக்குப் பெட்ரோல் பங்க் விலையைவிடக் கூடுதலோடு சேவைக் கட்டணமும் போடுவார்கள்.

நிலையத்தருகே ‘லொகாசியோன்’ (வாடகை), ‘ரெத்தூர்’ (திருப்பி ஒப்படைத்தல்) என்ற பலகைகளைப் பின்பற்றவும். பயணிகள் இறக்கும் பாதையில் நுழைந்தால் மறுபடி சுற்றவேண்டும். நுழைவில் தடுப்பும் சீட்டும் இருந்தால் சீட்டை ஊழியரிடம் கொடுக்கவும். நிறுத்தியதும் டேஷ்போர்டைப் படமெடுத்தாயிற்று: கிலோமீட்டர், எரிபொருள் முள், நேரம், மூன்றும் ஒரே படத்தில்.

சோதனைக்கு இங்கே ‘எத்தா தெ லியூ’ என்று பெயர். ஊழியர் காரைச் சுற்றும்போது கூடவே சுற்றவும். புதுசாக ஏதாவது எழுதினால் எடுத்த நாளின் படத்தைக் காட்டவும். ஒத்துக்கொள்ளாத தாளில் கையெழுத்து வேண்டாம். போட்டே ஆகவேண்டுமென்றால் மறுப்பைக் கையால் எழுதி, அதன் கீழே. எந்தச் சேதத்துக்கும் படமும் மதிப்பீட்டுத் தாளும் கேட்கலாம். ‘எல்லாம் சரி, போங்கள்’ என்பது போதாது. மூடிய ஒப்பந்தத்தின் நகல் மின்னஞ்சலில் வந்த பிறகே நகரவும்.

கடை மூடியபின் சாவியைப் பெட்டிக்குள் போட்டால், கடை திறந்து அவர்கள் பார்க்கும்வரை கார் நம் பொறுப்பிலேயே இருக்கும் என்பதுதான் பெரும்பாலான ஒப்பந்தத்தின் வாசகம். முடிந்தவரை தவிர்க்கவும்.

சாவி கார்டு வடிவில் இருந்தால் சட்டைப் பையைத் தட்டிப் பார்க்கவும். செருகாமலே ஓடும் கார் அது, பையில் இருப்பதே மறந்து ரயில் ஏறுபவர்கள் இருக்கிறார்கள். ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்பாவது காரை விட்டிருக்கவேண்டும். இந்த ரயில்களில் புறப்பாட்டுக்கு 2 நிமிடம் முன்பே ஏறுவதை நிறுத்திவிடுவார்கள்.

ஜூன் 17, செவ்வாய். பாரிஸ்

இறுதி பில் வந்தது. வரிவரியாக: நாட்கள், எரிபொருள், கூடுதல் ஓட்டுநர். டெபாசிட் இன்னும் கார்டில் நிற்கிறது. அது எடுக்கப்பட்ட பணம் இல்லை, தடுத்துவைத்த பணம்; நிறுவனம் விடுவித்த பிறகும் வங்கி விடுவிக்கச் சில நாள் பிடிக்கும். ‘பிடித்தம்’ என்ற வார்த்தை பில்லில் இல்லாதவரை பதறவேண்டாம்.

ஜூலை 8, செவ்வாய்

கையாளும் கட்டணம் என்று கார்டில் ஏதாவது ஏறினால், அது பெரும்பாலும் வேகக் கேமரா. இந்தக் கட்டணம் அபராதம் அல்ல, ஓட்டுநர் பெயரை அரசுக்குக் கொடுத்ததற்கான கூலி. அபராதத் தாள் பின்னால் தனியாக வீட்டு முகவரிக்கு வரும். ஊருக்கு வெளியே, வேக வரம்பை மணிக்கு 20 கிலோமீட்டருக்குக் குறைவாக மீறினால் 68 யூரோ. சீக்கிரம் கட்டினால் 45, தாமதித்தால் 180. தாளில் உள்ள எண்ணை வைத்து அரசின் அபராத இணையதளத்தில் கட்டலாம். மறுப்பு இருந்தால் கட்டுவதற்கு முன் எழுதவேண்டும், கட்டிவிட்டால் ஒப்புக்கொண்டதாகக் கணக்கு.