பாபாதா மலையில் தெர்மல் எங்கே கிடைக்கும்?

துருக்கியின் ஓலூதெனிஸ் கடற்கரைக்கு மேலேயே பாபாதா மலை. உச்சி கிட்டத்தட்ட 1,970 மீட்டர். 1,200, 1,700, 1,800, 1,900 மீட்டரில் டேக்-ஆஃப் இடங்கள் இருக்கின்றன. 2021 முதல் கேபிள் காரும் ஓடுகிறது. அங்கே பாராகிளைடிங் போகும் நண்பர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: தேவையான உயரத்தை மலையிலேயே எடுத்துக்கொள்ளுங்கள், கடற்கரைக்கு வந்து தெர்மல், அதாவது நம்மைத் தூக்கிச் செல்லும் சூடான மேலெழு காற்று, தேடாதீர்கள்.

காரணம் கடல்காற்று. வெயிலில் சரிவு சூடேற, அதை ஒட்டிய காற்று மேலெழுகிறது. அந்த இடத்துக்குக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. அது கனமானது, பாய் விரித்தது போலத் தாழப் பரவிவிடும். மேலேறும் காற்று 100 மீட்டருக்கு ஏறக்குறைய 1 டிகிரி குளிரும். தொடக்கத்திலேயே குளிர்ந்திருக்கும் காற்று எவ்வளவு தூரம்தான் ஏறும்? மணல் காலைச் சுடும், அதற்கு மேலே வேரியோ, அதாவது ஏறும்போது ஒலி எழுப்பும் கருவி, வாயே திறக்காது.

நல்ல தெர்மல் அந்தக் குளிர்ந்த அடுக்குக்கு மேலே, வெயில் நேராக விழும் பாறை முகங்களில் இருக்கிறது. ஆனால் கடல்காற்று அதை மலைப்பக்கமாகச் சாய்த்துவிடும். அதில் முழு வட்டம் அடித்தால் ஒவ்வொரு சுற்றிலும் பாறையை நெருங்குவோம். முகட்டுக்கு மேல் நன்றாக ஏறும்வரை எட்டு போடுங்கள், ஒவ்வொரு திருப்பமும் மலையை விட்டு வெளிப்பக்கமாக. இதில் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அப்புறம் மேகம். கீழே வெப்பநிலை 32, பனிநிலை (காற்றின் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) 20 டிகிரி என்று வையுங்கள். வித்தியாசத்தை 125 ஆல் பெருக்கினால் மேகத்தின் அடி சுமார் 1,500 மீட்டரில். அதாவது 1,900 டேக்-ஆஃப் மேகத்துக்குள்! அன்றைக்கு 1,200 போதும், நிஜமாகவே போதும்.

கடலுக்கு மேல் வந்துவிட்டால் காற்று சாந்தமாக இருக்கும். விங்கை (பாராகிளைடரின் துணிச் சிறகை) வேண்டுமென்றே மடக்கி மீட்கும் எஸ்.ஐ.வி. பயிற்சிக்கு உலகெங்கிலுமிருந்து பைலட்டுகள் ஓலூதெனிஸ் வருவது அதனால்தான். கீழே தண்ணீர், மீட்புப் படகு, தெர்மல் தொந்தரவு இல்லாத காற்று. உயரம் ஏறக் கற்றுக்கொள்ள மலைமுகம், விங்கைப் புரிந்துகொள்ளக் கடல். ஒரே பயணத்தில் இரண்டுக்கும் நாள் ஒதுக்குங்கள்.