டூட்டி நோட்டு, மே மாதம்

மே 12, திங்கள்

ஆஸ்பத்திரிச் சம்பளம் வந்தது. நர்சிங் அசிஸ்டண்டுக்கு 9,500. போன மே மாதமும் இதேதான்.

மே 13, செவ்வாய்

காரைக்குடியே கொப்புடையம்மன் திருவிழாவில். ஓ.பி.யில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். புதிதாகச் சேர்ந்திருக்கும் ஜி.என்.எம். பெண் தன் நர்சிங் கவுன்சில் பதிவை போனில் காட்டினாள், பெயர், பதிவு எண், போட்டோ எல்லாம் பளிச்சென்று. ஜி.என்.எம். என்றால் மூன்று வருட நர்சிங் டிப்ளமோ. அவளுக்கு 13,000. எனக்கும் அவளுக்கும் 3,500தான் வித்தியாசம். அவள் அப்பா கட்டிய ஃபீஸை இந்த 3,500ஆல் வகுத்துப் பார்த்தேன். அவளிடம் சொல்லவில்லை.

மே 15, வியாழன்

35.

மே 16, வெள்ளி

ராத்திரி ஒரு வேலையும் இல்லை, அதுதான் வினை. ஏ.என்.எம். என்கிற இரண்டு வருட நர்சிங் படிப்பில் சேர வயது 17க்கு மேல், 35க்குள். பிளஸ் டூ இருக்கிறது, அது பிரச்சினை இல்லை. ஐப்பசியில் எனக்கு 35 முடிகிறது. பீரோவில் லேமினேட் போட்டு வைத்திருக்கும் ஒரு வருட நர்சிங் அசிஸ்டண்ட் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். கோபுரம், சிங்கம், மூன்று சீல், கீழே பச்சை மையில் கையெழுத்து. கவுன்சிலில் ஏ.என்.எம்., ஜி.என்.எம்., பி.எஸ்சி. என்று போனால்தான் பதிவு, இதற்குக் கதவே கிடையாது. "அரசு வேலைக்கும் செல்லும்" என்று சொல்லித்தான் அந்த இன்ஸ்டிட்யூட்டில் அப்பாவிடம் பணம் வாங்கினார்கள். இப்போது அந்த மாடியில் செல்போன் ரிப்பேர் கடை.

மே 18, ஞாயிறு

ஆச்சி வீட்டுக்கு டிரெஸ்ஸிங். கால் சுண்டுவிரலுக்குக் கீழே புண்ணில் இருந்த குழி மேடேறி வருகிறது, புதுச் சதை நல்ல சிவப்பு, வாடை இல்லை. சலைனில் கழுவி, காஸ் வைத்து, ரோலர் மட்டும் சுற்றினேன். பிளாஸ்டர் போட்டால் ஆச்சிக்குத் தோலும் சேர்ந்து உரிந்து வரும். வளவில் ஆத்தங்குடிக் கல்லில் காலை நீட்டிக்கொண்டு ஊர்க்கதை முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார்கள்.

கல்யாணத்துக்கு நியூ ஜெர்சியிலிருந்து பேத்தி வந்திருக்கிறது. அங்கே மெடிக்கல் அசிஸ்டண்டாம். நான் செய்கிற வேலைதான்: பி.பி. பார்ப்பது, ஊசி போடுவது, ரத்தம் எடுப்பது, சீட்டு எழுதுவது. 2023இல் அந்த நாடு முழுக்க இந்த வேலைக்கு நடுத்தரச் சம்பளம் வருடத்துக்கு 42,000 டாலர் என்று சொன்னது, அதாவது பாதிப் பேர் அதற்கு மேலே, பாதிப் பேர் கீழே. மனசுக்குள் ரூபாயாக மாற்றினேன். அப்புறம் வாடகையையும் டாலரில்தானே கொடுக்கிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

"சர்ட்டிஃபிகேட் இல்லாமலும் சேரலாம் அக்கா, நிறைய மாநிலத்துல சட்டம் கேக்காது. ஆனா ஆஸ்பத்திரி கேக்கும்." ஏன் கேட்கிறார்கள் என்று கேட்டேன். 2012இல் ஒரு விதி வந்ததாம். டாக்டர் சொல்கிற மருந்து, டெஸ்ட் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றினால் அரசாங்கம் ஊக்கத்தொகை தந்தது. அசிஸ்டண்ட் ஏற்றினால் சான்றிதழ் உள்ளவர் ஏற்றியது மட்டும்தான் அந்தக் கணக்கில் சேரும். அப்புறம் என்ன, முதலாளிக்கே அந்தக் காகிதம் தேவைப்பட்டுவிட்டது. வாஷிங்டன் மாநிலத்தில் 2013இலிருந்து சட்டமே கேட்கிறது. பேத்தி எழுதிய பரீட்சையில் 200 கேள்வி, ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும்.

"நீயும் அதை எழுதிப்புட வேண்டியதுதானே ஆத்தா" என்றார்கள் ஆச்சி. 200 ரூபாயும் ஒரு டப்பா வெள்ளைப் பணியாரமும் கொடுத்துவிட்டார்கள். பையன் நின்றபடியே காலி செய்துவிட்டான்.

மே 19, திங்கள்

அந்த 2012 விஷயம் மண்டைக்குள்ளேயே சுற்றுகிறது. கைவேலை நன்றாக இருக்கிறது என்று எந்த ஊரிலும் யாரும் கூட்டித் தருவதில்லை. காகிதம் இல்லாவிட்டால் தனக்கு நஷ்டம் என்று முதலாளிக்கு வந்தால்தான் தருகிறான். இங்கே எங்கள் 18 பெட்டுக்கு யார் வந்து கேட்கப்போகிறார்கள்? 2016இல் சுப்ரீம் கோர்ட் சொல்லி மத்திய அரசு போட்ட குழு, 50 பெட்டுக்குக் கீழே உள்ள தனியார் ஆஸ்பத்திரியில்கூட நர்சுக்கு 20,000க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. பரிந்துரைதான். ஜி.என்.எம். பெண்ணிடம் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தாள்.

மே 20, செவ்வாய்

தலைவலி. லீவு கேட்டேன், கிடைக்கவில்லை.

மே 22, வியாழன்

இதை எழுதாமல் தூக்கம் வராது. 7ஆம் நம்பர் பெட்டுக்குப் பொட்டாசியம் எழுதியிருந்தது. வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாத பொடிசு, சிரிஞ்சில் ஏற்றி நேராக வென்ஃப்ளானில், கை நரம்பில் குத்தி வைத்திருக்கும் குழாயில், தள்ளப் போயிருக்கிறது. ஜி.என்.எம். பெண் ஓடிப்போய்க் கையைப் பிடித்துவிட்டாள். பாட்டிலில் கலந்து மெதுவாகத்தான் விட வேண்டும், நேராகப் போனால் இதயம் நின்றுவிடும். நேராகப் போடக் கூடாது என்று எனக்கும் தெரியும். ஏன் என்பதைத்தான் இன்றைக்கு அவள் சொல்லிக் கேட்டேன். படிப்பு வெறும் காகிதம் என்று இனி யாரும் என்னிடம் பேச வேண்டாம்.

அவளுக்கு அதற்காக ஒரு ரூபாய் கூடவில்லை, அது வேறு.

மே 23, வெள்ளி

பொடிசை யாரும் திட்டவில்லை. பாவம், அதுவாகவே அழுதுகொண்டிருந்தது. 6,000 ரூபாய்க்கு ஆள் வைத்தால் 6,000 ரூபாய்க்குத்தான் பயிற்சி.

மே 26, திங்கள்

வீட்டுக்காரரிடம் ஏ.என்.எம். படிக்கிற பேச்சை எடுத்தேன். "ரெண்டு வருஷம் உன் சம்பளம் இல்லாம எப்படி?" நியாயமான கேள்விதான், எரிச்சலாக வந்தது. கிராம சுகாதாரச் செவிலியர் வேலை கிடைத்தால் அடிப்படையே 19,500 என்றேன். "கிடைச்சா" என்றார். அதற்குப் பதில் இல்லை. 2015இல் எம்.ஆர்.பி. என்கிற அரசு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் ஒப்பந்தத்தில் எடுத்த நர்சுகளுக்கு 7,700தான் கொடுத்தார்கள், 2017 நவம்பரில் சென்னையில் போய் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது. இதை நான் அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் அதையே பிடித்துக்கொள்வார். அத்தைதான் அடுப்படியிலிருந்து, "பயலை நான் பாத்துக்கிறேன், அவ படிக்கட்டும்" என்றார்கள். இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

மே 27, செவ்வாய்

படிக்க மதுரைக்குப் போனால் பஸ்ஸில் போக வர நாலு மணி நேரம். ஹாஸ்டல் என்றால் பையன்.

மே 29, வியாழன்

ஆச்சி புண் மூடிவிட்டது. இனி டிரெஸ்ஸிங் இல்லை, 200ம் இல்லை. பேத்தி நேற்றே கிளம்பிவிட்டதாம்.

மே 30, வெள்ளி

விண்ணப்பம் வாங்கிவிட்டேன். பிளஸ் டூ மார்க் ஷீட் எடுத்தாயிற்று, டி.சி. கிடைக்கவில்லை, பள்ளிக்கூடத்தில் கேட்க வேண்டும். பெரிய டாக்டர் சென்னை போயிருக்கிறார், திங்கள்கிழமை வருகிறாராம். படித்துவிட்டு வந்தால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா, எடுத்தால் எவ்வளவு, இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் முதல் கேள்விக்கு மட்டும் தலையாட்டிவிட்டு அடுத்ததற்கு நழுவிவிடுவார்.