அண்டாவுக்குள் பதினாறு வருஷம்

10 மே 2025, சனி

பரணைச் சுத்தம் செய்தோம். பித்தளை அண்டாவுக்குள் சுருட்டிச் சணலால் கட்டிய மாதக் காலண்டர்கள். 1986 முதல் 2003 வரை. நடுவில் இரண்டு வருஷத்தைக் கரையான் தின்றுவிட்டது. கட்டத்துக்குக் கட்டம் அம்மாவின் பொடி எழுத்து. ‘பால் அரை லிட்டர் குறைவு.’ ‘சிலிண்டர் மாற்றியது.’ ‘குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை.’ ‘சின்னவனுக்குப் பல் விழுந்தது.’

எனக்கும் வருஷா வருஷம் ஓசி டைரி ஒன்று வரும். பொங்கல் வரை எழுதுவேன். மாசி பிறந்தால் அது கோல நோட்டு.

12 மே, திங்கள்

அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க மூன்றரைக்கே கிளம்பியும் பாலத்துக்குப் பக்கத்தில்கூடப் போக முடியவில்லை. சர்க்கரைச் செம்புகளின் கற்பூரப் புகைதான் கண்ணுக்குக் கிடைத்தது.

வீட்டுக்கு வந்து, ஆறு வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து அழகரைப் பார்த்ததைச் சொன்னேன். துருத்தித் தண்ணீர் முகத்தில் அடித்ததும், அழகர் உடுத்திய பட்டு சிவப்பாக இருந்ததும் இன்னும் நினைவிருக்கிறது. “பச்சை, அக்கா” என்றான் தம்பி. அந்த வருஷத் தாளைப் பிரித்தோம்.

‘பெரியவளுக்குக் காய்ச்சல். நானும் போகலை. அவரும் சின்னவனும் மட்டும் அழகர் பார்க்க.’

அப்படியானால் அந்தத் தோளில் இருந்தவன் இவன். இவன் சொல்லிச் சொல்லியே நான் ஏறி உட்கார்ந்திருக்கிறேன். பட்டின் நிறத்தை அம்மா எழுதவில்லை. சண்டை அப்படியே இருக்கிறது.

14 மே, புதன்

பாண்டிச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேவிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைக் கொஞ்சம் புரட்டினேன். 1736 முதல் 1761 வரை எழுதியிருக்கிறார். கவர்னர் மாளிகை, கப்பல், சண்டை எல்லாம் அதில் உண்டு. எங்கள் வீட்டு நாட்குறிப்பில் சிலிண்டர்தான். 1998இல் ஒன்று 38 நாள் வந்திருக்கிறது. தம்பி விடுதிக்குப் போன 2002இல் 52 நாள். அவன் எவ்வளவு தின்றான் என்பதற்கு எழுத்துபூர்வமான ஆதாரம். காட்டினேன், அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

18 மே, ஞாயிறு

என் பழைய டைரிகளையும் எடுத்துப் பார்த்தேன். ‘மனசு சரியில்லை’ என்று ஆறு இடத்தில் இருக்கிறது. எதற்கு, யாரால்? ஒன்றும் தெரியவில்லை. எழுதும்போது மறக்கவே மாட்டேன் என்று நினைத்திருப்பேன்.

அம்மா ஒரு கட்டத்தில், ‘அடுத்த வீட்டுக்கு முருங்கைக்காய் கொடுத்தேன், வாங்கலை’ என்று எழுதியிருக்கிறார். படித்ததும் அந்த வீட்டுப் பச்சைக் கேட், மதில் தகராறு, நாங்கள் சுற்றுவழியாகப் பள்ளிக்கூடம் போன ஒரு கோடை, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. சாயங்காலமே கடையில் ஒரு மாதக் காலண்டர் வாங்கி வந்தேன். மே பாதி போய்விட்டதால் கடைக்காரர் காசு வாங்கவில்லை.

முதல் கட்டம்: ‘4.20க்கு மழை. கொடியில் போர்வை நனைந்தது.’

22 மே, வியாழன்

1994, ஆகஸ்ட். ஒரு தேதியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம், ஒரு வார்த்தையும் இல்லை. அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“என்னம்மா இது?”

“எழுதாமத்தானே விட்டிருக்கேன்” என்றார். “போடி, போய் உலை வை.”