சிறு பவளத் தொட்டியில் பாசியும் ஊட்டச்சத்தும்

கடல்நீர்ப் பவளத் தொட்டியில் பச்சைப் பாசி இழை இழையாகப் படர்ந்திருக்கும்போது பரிசோதனைக் கருவி, பாசிக்கு ஊட்டச்சத்தாகும் பாஸ்பேட்டைப் பூஜ்யம் என்று காட்டினால், அந்த முடிவை அப்படியே நம்பிவிடக் கூடாது. நீரில் கலப்பதைப் பாசி உடனுக்குடன் உறிஞ்சிக்கொள்வதால் அளப்பதற்கு மிச்சம் இருப்பதில்லை.

ஊட்டச்சத்தின் பெரும்பகுதி நாம் இடும் மீன் உணவிலிருந்தே வருகிறது. ஆவியான நீருக்கு ஈடாகக் குழாய் நீரை ஊற்றினால் நைட்ரேட், சிலிக்கேட் போன்றவையும் சேரக்கூடும் என்பதால், ஆர்.ஓ. முறையில் வடித்து அயனி நீக்கிய நீரையே பயன்படுத்த வேண்டும். நீர் மாற்றம் நல்லதுதான். ஆனால் 10 சதவீத நீரை மாற்றினால் லிட்டருக்கு 20 மில்லிகிராமாக இருந்த நைட்ரேட் 18 ஆகத்தான் குறையும். பாஸ்பேட்டோ பாறைகளில் படிந்திருந்து, நீரில் அளவு குறையக் குறைய மீண்டும் கசிந்து வெளிவரும். பொறுமை இல்லாதவருக்கு ஏற்ற பொழுதுபோக்கு இது அன்று.

அதற்காகப் பாஸ்பேட்டை ஈர்க்கும் இரும்பு ஆக்சைடு உறிஞ்சிகளை அள்ளிப் போட்டுச் சத்துகளை முற்றிலும் துடைத்தெடுப்பது அதைவிட ஆபத்தானது. பவளங்கள் வெளிறுவதோடு, போட்டி குறைந்த இடத்தில் டைனோஃபிளாஜெல்லேட்டுகள் என்னும் நுண்ணுயிரிகள் பழுப்பு நிறச் சளிபோலப் பரவக்கூடும். லிட்டருக்கு நைட்ரேட் 2 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 மில்லிகிராம் என்ற எல்லைக்குள் நிலையாக இருந்தால் போதுமானது என்பேன்.

பாசியை மேய்வதற்காக விடும் நத்தைகளில் பெரும்பாலானவை நீண்ட இழைகளைத் தீண்டுவதில்லை. அந்த இழைகளைக் கையால் பிடுங்கி வெளியேற்றிய பின்னரே நத்தைகளை விட வேண்டும். பிடுங்கிய பாசியோடு அது சேமித்துவைத்த சத்தும் தொட்டியை விட்டு நீங்கிவிடும்.