சனிக்கிழமை மீடியா கிளாஸ்: நாட்குறிப்பு

ஜூன் 21, 2025 – சனி

நான் டீச்சர் கிடையாது, கல்யாண வீடியோ எடிட் பண்றவன். வடசென்னைல புளியந்தோப்பு பக்கம் ஒரு மாநகராட்சி ஸ்கூல்ல எட்டாவது ஒன்பதாவது புள்ளைங்களுக்கு சனிக்கிழமை சனிக்கிழமை வீடியோ, ஆடியோ சொல்லித்தர ஒத்துக்கிட்டேன். ஸ்கூல் பேரு, புள்ளைங்க பேரு எதுவும் இங்க வராது.

வீட்ல போன் இருக்கான்னு கேட்டேன். எல்லா கையும் மேல. சரி, அது யாரோட போன்? பாதி கை கீழ எறங்கிடுச்சு. அப்பா போன்ணா, அவரு லோடு அடிக்க போறப்ப எடுத்துனு போயிடுவாரு, நைட்டு ஒம்பது மணிக்கு வர்றப்ப சார்ஜும் இருக்காது நெட்டும் இருக்காது, மீதி இருக்கறத அண்ணன் புடுங்கிப்பான். பொண்ணுங்க கைக்கு வர்றது அதுக்கும் அப்புறம். இந்தியா முழுக்க 2019-21ல எடுத்த குடும்ப நல சர்வேல, ஒரு தடவையாச்சும் இன்டர்நெட் யூஸ் பண்ண ஆம்பளைங்க 57 சதவீதம், பொம்பளைங்க 33 சதவீதம். அந்த சர்வேய படிக்கவே வேணாம், இந்த கிளாஸ்ல உக்காந்தா போதும்.

அதனால ஒரே ஒரு ரூல் போட்டேன். நாலு பேருக்கு ஒரு போன், வீட்ல யாருக்கு போன் கைக்கே வராதோ அவங்கதான் மொதல்ல புடிக்கணும். பசங்க உடனே கத்துனானுங்க, "அதுக்கு ஒண்ணும் தெரியாதுண்ணா!" தெரியலன்றதாலதான்டா மொதல்ல.

போன் எல்லாம் எங்க ஸ்டூடியோ பழைய போனுங்க, ஒண்ணுல ஸ்க்ரீன் விரிசல். ஸ்கூலுக்கு யாரோ குடுத்த டேப்லெட் பத்து பதினஞ்சு பீரோக்குள்ள இருக்கு. ஹெச்எம் மேடத்துகிட்ட கேட்டேன், "ஒடைஞ்சா யாரு தம்பி பதில் சொல்றது"ன்றாங்க. அவங்க கஷ்டம் அவங்களுக்கு, ஆனா குடுத்தவங்க ரிப்பேருக்குன்னு ஒரு வார்த்த பேசியிருக்கலாம். போட்டோ எடுத்துக்கிட்டு போனதோட சரி.

ஜூன் 28 – சனி

இன்னிக்கு ஒரே தெருவ ரெண்டு மாதிரி எடுக்கணும். ஒரு டீம் பாக்கறவங்களுக்கு பயம் வர்ற மாதிரி, இன்னொரு டீம் இங்க வீடு பாத்து குடி வரலாம்னு தோணுற மாதிரி.

பயம் டீம்ல ஒரு பையன் போன கொண்டு போய் சாக்கடை ஓரமா தரையோட தரையா வெச்சான், நடந்து வர்றவன் செருப்பு மட்டும் தெரியுது, பின்னாடி காம்பவுண்டு சொவரு ஜெயில் மாதிரி நிக்குது, அதுல ஒரு டொம் டொம்னு பிஜிஎம் வேற. வந்தவன் யாருன்னு பாத்தா பால் பாக்கெட் வாங்க போற ஏழாங்கிளாஸ் பொடியன்! சிரிச்சு சிரிச்சு எல்லாருக்கும் வயித்து வலி. இன்னொரு டீம் அதே சொவத்துகிட்ட இட்லி சுடற ஆயாவ எடுத்துச்சு, மூடிய தொறந்ததும் ஆவி லென்ஸ் மேல அடிச்சு ஒரு செகண்டு எல்லாம் வெள்ளையாயிடுச்சு. வேணும்னே எடுத்தாக்கூட அப்படி ஒரு ஷாட்டு வராது.

ரெண்டையும் அடுத்தடுத்து போட்டு காட்டினதும் ஒரு பொண்ணு கேட்டா, "அப்போ நியூஸ்லயும் இப்டித்தான் எடுக்கறாங்களாண்ணா?" வடசென்னைன்னா கத்தி, ரவுடி, கானான்னு காட்டி காட்டி அவ அண்ணன் வேலைக்கு பயோடேட்டா குடுக்கறப்ப பெரியம்மா வீட்டு அட்ரஸ் போடறானாம், அது அண்ணா நகர்ல இருக்காம். அவ சாதாரணமாத்தான் சொன்னா, எனக்குத்தான் கொஞ்ச நேரம் பேச்சு வரல.

ஜூலை 5 – சனி

ஃபார்வர்டு பத்தி. 2023 மார்ச்ல தமிழ்நாட்டுல பீகார்காரங்கள அடிச்சு கொல்றாங்கன்னு வீடியோவா பரவுச்சே, அத எடுத்துக்கிட்டேன். எங்கெங்கயோ நடந்த சம்பந்தமே இல்லாத சண்டைக்கு புது கேப்ஷன் போட்டு சுத்த விட்டது, தமிழ்நாடு போலீஸ் பொய்னு சொன்னாங்க, பீகார் கவர்மென்டு ஆபீசர்ங்கள அனுப்பி இங்க வந்து விசாரிச்சுட்டே போச்சு.

கிளாஸ்ல ஒரு பீகார் பொண்ணு இருக்கா, அப்பா கட்டட வேலை. இத்தன நாளா வாய தொறக்காதவ. இந்தி கேப்ஷன் இருக்கற ஸ்க்ரீன்ஷாட்ட காட்டி இதுல என்னம்மா எழுதியிருக்குன்னு கேட்டேன், எழுந்து வந்து ஒவ்வொரு வரியா படிச்சு தமிழ்ல சொன்னா, தமிழ் எங்கயும் தடுக்கல. அப்பல்லாம் ஊர்ல இருந்து பாட்டி தெனம் போன் பண்ணி அழுதுச்சாம், டிக்கெட் போட்டு வந்துடுங்கன்னு. இவங்க போகல, பக்கத்து ரூம்ல ரெண்டு குடும்பம் போயிடுச்சாம். "அந்த வீடியோ அனுப்புனது எங்க மாமாதான்"னா.

அப்புறம் கூகுள் லென்ஸ்ல படத்த போட்டு அது மொதல்ல எங்க வந்ததுன்னு தேடுறது எப்படின்னு சொல்லிக்குடுத்தேன். வீடியோவ நிறுத்தி முகம், கடை போர்டு, வண்டி நம்பர் எது தெளிவா இருக்கோ அந்த எடத்துல ஸ்க்ரீன்ஷாட் எடுக்கணும், இல்லன்னா லென்ஸ் கண்டதையும் காட்டும். போர்டுல என்ன மொழி, வண்டி எந்த மாநில நம்பர், இத பாத்தாலே பாதி பொய் ஒடஞ்சிடுது. இந்தி அவளுக்கு, தெலுங்கு படிக்க ஆந்திரா பையன் ஒருத்தன், உருதுவுக்கு ரெண்டு பேரு. இத்தன மொழி தெரிஞ்ச ஃபேக்ட் செக் டீம் எந்த டிவில இருக்கும்?

ஜூலை 8 – செவ்வாய்

ஆனி முகூர்த்தம், மூணு கல்யாணம் எடிட்டுக்கு நிக்குது, தூக்கமில்ல. நடுவுல ஒரு வேல, கிளாஸ்ல கண்ணு தெரியாத தம்பி ஒருத்தன் இருக்கான், அவனுக்கு எந்த ஆப் செட் ஆகும்னு நானே டாக்பேக், அதாவது ஸ்க்ரீன்ல தொடறத போனே வாய்விட்டு சொல்ற வசதி, அத ஆன் பண்ணி கண்ண மூடிக்கிட்டு பாத்தேன். நான் தெனம் யூஸ் பண்ற எடிட்டிங் ஆப்ல எத தொட்டாலும் "பட்டன்", "பட்டன்", "பட்டன்". என்ன பட்டன்னு சொல்லவே மாட்டேங்குது. செஞ்சவன் பேரு வைக்காம விட்டுட்டான். போன்ல கூடவே வர்ற சாதா ரெக்கார்டர் ஒழுங்கா பேசுது, ரெக்கார்டு, பாஸ், சேவ்னு. அதுல இருந்து ஆரம்பிக்கலாம்.

ஜூலை 12 – சனி

குரூப் 4 எக்ஸாம், ஸ்கூல்தான் சென்டர். கிளாஸ் கிடையாது.

ஜூலை 19 – சனி

ஆடி பொறந்தாச்சு, கல்யாணம் இல்ல, ஸ்டூடியோ காலி. ஆனா அம்மன் கோயில் ஸ்பீக்கர் காலைல அஞ்சு மணிக்கே ஆரம்பிச்சிடுது, ஆடியோ ரெக்கார்டிங் கத்துக்குடுக்க இத விட மோசமான மாசம் கிடையாது. பசங்கள விட்டு ஸ்கூல்ல எந்த மூலை அமைதியா இருக்குன்னு தேட சொன்னேன், கடைசில சத்துணவு அரிசி மூட்ட அடுக்கி வெச்ச ரூம் மாட்டுச்சு. மூட்டை எல்லாம் எதிரொலிய குடிச்சிடுது, காசு குடுத்து கட்டின ஸ்டூடியோ தோத்துது போங்க.

இனிமே கொஞ்ச நாளைக்கு வீடியோ வேணாம், ஆடியோதான்னு முடிவு பண்ணிட்டேன். கேமரா ஒடைஞ்ச போன்லயும் மைக் வேல செய்யும், ஃபைலும் சின்னது, ஒன்றரை ஜிபி தீந்த அப்புறமும் ஒட்டிக்கிட்டு இருக்கற கொஞ்ச நெட்லயே அனுப்பிடலாம். அண்ணா யுனிவர்சிட்டில 2004 பிப்ரவரி 1ல ஆரம்பிச்ச 90.4 அண்ணா எஃப்எம் பத்தி சொன்னேன், நாட்டுலயே மொத கேம்பஸ் சமுதாய வானொலி நம்மூர்லதான்னு. ரேடியோன்னாலே காதல் டெடிகேஷன்னு நெனச்சிட்டு இருந்தாங்க, சுத்தி இருக்கற ஏரியாக்காரங்க அவங்க விஷயத்த பேசறதுக்குன்னே ஒரு ஸ்டேஷன் இருக்கலாம்ன்றது புதுசா இருந்துச்சு.

நான் எடிட் பண்ண ஒரு சாம்பிள போட்டேன். கண்ணு தெரியாத தம்பி கைய தூக்கி, "இங்க வெட்டி ஒட்டியிருக்கீங்கண்ணா, மூச்சு ரெண்டு தடவ வருது"ன்னான். திருப்பி போட்டா நெசம்தான், ஒரு இழுப்பு முடியறதுக்குள்ள இன்னொரு இழுப்பு. அவன்தான் இனிமே ஃபைனல் செக்.

ஆகஸ்ட் 2 – சனி

ஆகஸ்ட் 22 மெட்ராஸ் டே வருது, 1639ல கம்பெனிக்காரன் எடம் வாங்கின நாளு. எப்பவும் கோட்டை, மயிலாப்பூர், பழைய பங்களா போட்டோ. நம்ம ஏரியாவுக்கு என்ன இருக்குன்னு கேட்டதுக்கு, ஒரு பையன் மில்லு இருக்கேன்னான். அவன் தாத்தா பி அண்ட் சி, அதாவது பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக் துணி மில்லுல நெசவுல இருந்தவரு, 1996ல மில்ல மூடற வரைக்கும்.

அரிசி ரூமுக்கே கூட்டிட்டு வந்துட்டான். கேள்வி கேட்டது பீகார் பொண்ணு. தாத்தா மைக்க பாத்ததும் மேடைப்பேச்சு ஆரம்பிச்சாரு, 1918ல மெட்ராஸ் லேபர் யூனியன், திரு.வி.க., 1921 ஸ்ட்ரைக்கு, அப்போ புளியந்தோப்புல நடந்த கலவரம், எல்லாம் அவங்க அப்பா சொல்லி கேட்டது. அவ பொறுமையா கேட்டுட்டு, "தாத்தா, நீங்க காலைல எழுந்ததும் என்ன பண்ணுவீங்க?"ன்னா. அங்கதான் மனுஷன் மாறினாரு. "இன்னாமா, மில்லு சங்கு ஊதும்ல, மொத சங்குக்கு எழுந்துப்பேன், ரெண்டாவது சங்குக்கு கேட்டாண்ட நிக்கணும்." சங்கு எப்படி ஊதும்னு கேட்டாளா, கண்ண மூடிக்கிட்டு ஊதி காமிச்சாரு. நீளமா. வாசல்ல நின்ன சமையல் ஆயா, அதேதான்னாங்க.

ஆகஸ்ட் 9 – சனி

ஒரு அம்மா வந்து சண்ட. பொண்ணு மூஞ்சி நெட்ல வரக்கூடாதுன்னு. நியாயம்தான். 18 வயசுக்கு கீழன்னா பெத்தவங்க சம்மதம் வேணும்னு 2023ல வந்த டேட்டா சட்டமே சொல்லுது, ஆனா நான் சட்டம் பேசல, எல்லாத்தையும் போட்டு கேக்க வெச்சேன். ஆடியோ மட்டும்தான், பேரு வராதுன்னு தெரிஞ்சதும், "கொரல் ஓகே, ஆனா அவ சித்தப்பனுக்கு மட்டும் அனுப்பாதீங்க"ன்னாங்க. ஒவ்வொரு வீட்லயும் ஒரு சித்தப்பன் இருக்காரு போல. இப்ப எல்லா வீட்டுக்கும் ஒரு பேப்பர், தமிழ்லயும் இந்திலயும் உருதுலயும், புள்ளைங்களே எழுதினது, கையெழுத்து போடத் தெரியாதவங்களுக்கு படிச்சு காட்டி குரல்லயே சம்மதம் ரெக்கார்டு.

ஆகஸ்ட் 23 – சனி

நேத்து மெட்ராஸ் டேக்கு தாத்தா ரெக்கார்டிங்க பிரேயர்ல மைக்ல போட்டாங்க. மூணு நிமிஷம். சங்கு வந்தப்ப கீழ் கிளாஸ் பொடிசுங்க எல்லாம் கூடவே ஊதி மானத்த வாங்கிடுச்சுங்க.

இன்னிக்கு தாத்தா நேரா கிளாஸுக்கே வந்துட்டாரு. கோவம். சூப்பர்வைசர் கூட நடந்த சண்டைய ஏன் வெட்டினீங்க, அதுதான் முக்கியம்ன்றாரு. பேரன் சொல்றான் மூணு நிமிஷத்துக்கு மேல போனா எவனும் கேக்க மாட்டான் தாத்தா. பீகார் பொண்ணு தாத்தா பக்கம், அவரு கத, அவருதான் சொல்லணும்ன்றா. ஃபைனல் செக் தம்பி, சண்ட பேசறப்பதான் கொரல்ல உசுரு இருக்கு, வேணும்னா திரு.வி.க. பகுதிய சுருக்குன்றான். அதுக்கும் தாத்தா ஒத்துக்கல. பெல் அடிக்கற வரைக்கும் ஓடுச்சு, கடைசில நாலரை நிமிஷம்னு பேசி முடிச்சாங்க, சண்ட உள்ள வருது, சூப்பர்வைசர் பேரு மட்டும் கட். அடுத்த சனி ரீஎடிட், பீரோ சாவிய தரேன்னு மேடம் சொல்லியிருக்காங்க, ரெண்டே ரெண்டு டேப்லெட்டுக்கு மட்டும்.